அது கிடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

நான் வேலூரில் வசிக்கிறேன். வயது 63. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். தாது வருடப் பஞ்சத்தையொட்டிச் சேத்துப்பட்டுப் பக்கம் தாரஸ் என்ற பிரெஞ்சுச் சாமியாரிடம் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் எங்களுடையது என்று என் கணவர் வீட்டார் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். நேற்று வந்து கோவில் முன்வரிசையில் உட்கார்ந்தவள் அல்லள் நான் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதையெல்லாம் எழுதுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் பங்குத் திருவிழா நடந்தது. கொடியேற்றத்திலிருந்து தேர்ப்பவனி வரை பத்து நாளும் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் நின்றேன். கடைசி நாள் நன்றியுரையில் பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர், தேருக்குச் சீரியல் விளக்குக் கட்டியவர், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் என்று வரிசையாகப் பெயர் வாசித்தார்கள். 22 ஆண்டுகள் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்தவளின் பெயர் அந்தத் தாளில் இல்லை. போதாக்குறைக்கு, புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் பங்குத்தந்தை, இனிமேல் பூ வேலையை இளைஞர் குழு பார்த்துக்கொள்ளும் என்று அந்த மேடையிலேயே அறிவித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்தப் பிள்ளைகள் இப்போது பிளாஸ்டிக் இலையைச் செருகி வைக்கிறார்கள்.

பெயருக்காகச் செய்பவள் அல்லள் நான். இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும், அம்மா, மனித மனம்தானே. ஒரு நன்றி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் ஊருக்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் லாட்ஜுகளிலும் சின்னச் சின்ன வாடகை அறைகளிலும் தங்கியிருப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் எங்கள் அன்பியத்தை (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக்குழு) சேர்ந்த இன்னும் இரண்டு பெண்களும் ஒவ்வொரு புதன்கிழமையும் நொய்க்கஞ்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்துகளுக்குப் போகிறோம். இப்படி ஒன்பது ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். என் கணவர் பேச்சோடு இருந்த காலத்தில், நான் திரும்பி வந்து பாத்திரம் கழுவும்போது திண்ணையிலிருந்தபடியே, "இன்னிக்கு எத்தன பேருக்கு?" என்று கேட்பார். இந்த ஆண்டு ஒரு குடும்பத்துக்கு, மகனின் அறுவைச் சிகிச்சை முடியும்வரை ஏழு வாரம், புதன்கிழமை மட்டுமன்றி மற்ற நாள்களிலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு புதன்கிழமை போய்ப் பார்த்தால் அறை பூட்டிக் கிடக்கிறது. முதல் நாள் இரவே காட்பாடியில் ரயில் ஏறிவிட்டார்களாம். சொல்லிக்கொள்ளவில்லை. இவ்வளவுதான் உலகம்.

வீட்டுக்கு வருகிறேன். என் கணவருக்கு 71 வயது. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் என் கையால்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எந்த மனைவியும் செய்வதுதான். இனிப் பேச்சு திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று சென்ற ஆண்டு மருத்துவர் சொன்னார். அன்றோடு எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இரவில் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். இரண்டு முறை, மூன்று முறை எழுந்திருப்பேன். சில இரவுகளில் விழித்துக்கொண்டிருந்தும் தூங்குகிறவளைப் போலவே படுத்திருக்கிறேன். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது மருமகளைப் பற்றி.

மருமகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாலை ஜெபமாலைக்கு உட்காருவதில்லை. வேலையிலிருந்து வந்ததும் மாமனார் கட்டிலருகே உட்கார்ந்து, கைப்பேசியில் பழைய பாட்டைப் போட்டுவிட்டு, அவருக்கு முகம் மழித்துவிடுகிறாள். என்னிடம் மூன்று ஆண்டுகளாக ஒரு சொல் பேசாத மனிதர் அவளுடைய பாட்டுக்கு மட்டும் கூடவே பாடுகிறார். சில வரிகள் சொற்களோடேயே வருகின்றன. என்னோடு ஜெபமாலை சொல்லும்போது, "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்கிற பழைய வாய்பாட்டைக் குழறலாகச் சொல்வதோடு சரி. 40 ஆண்டுகள் குடும்பம் நடத்தியவளுக்கு அவ்வளவுதான் கிடைக்கிறது.

சென்ற நவம்பரில் மருமகள் என்னைக் கேட்காமலே இரவு நேரத்துக்கு ஹோம் நர்ஸாக ஒரு பையனைச் சம்பளம் பேசி அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு இரவு பொறுத்தேன். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டேன். வழியே போகிறவன் தொட்டுத் தூக்குவதற்கு என் கணவர் என்ன மூட்டையா? அதன் பிறகு தவக்காலத்தில், "அத்தை, சாமியாரை வரச்சொல்லி மாமாவுக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லலாமா?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. அவஸ்தை பூசுதலுக்கு இப்போது என்ன அவசரம், அவரை அனுப்பிவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். மகன் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. வயதானவர்கள் எப்போது போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற காலம் இது, அம்மா.

பங்கிலும் இப்படித்தான் பண்பு கெட்டுப் போய்விட்டது. உயிர்ப்புப் பெருவிழா இரவுப் பூசையில் பக்கத்தில் இருந்தவள், நாலு வரிசைக்குக் கேட்கும்படி, "இன்னாக்கா, நன்ம வாங்கப் போவலியா?" என்று கேட்கிறாள். நான் நன்மை (பூசையில் தரும் நற்கருணை) வாங்கப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் முதல் நான் போவதில்லை என்பதை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தவர் ஆன்மாவுக்குக் கணக்கெழுத இவர்களை நியமித்தது யார்?

என் பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. காலை ஜெபம், மாலை ஜெபமாலை, புதன்கிழமை சூசையப்பர் மன்றாட்டு எதையும் விட்டதில்லை. சூசையப்பரிடம் நன்மரணத்துக்காக வேண்டும்போது முன்பெல்லாம் என் பெயரைச் சொல்வேன். கொஞ்ச நாளாக என் பெயருக்குப் பதில் அவருடைய பெயர்தான் வாயில் வருகிறது. அது கிடக்கட்டும்.

நான் கேட்க நினைப்பது இதுதான். வாழ்நாள் முழுக்க நாலு பேருக்கு நல்லது செய்தவளுக்கு ஒரு வார்த்தை நன்றிகூடக் கிடைக்காதா? நல்லது செய்கிறவர்கள் மனம் கசந்து போகாமல் இருக்க என்ன வழி? நன்றியுரை விஷயத்தைப் பங்குத்தந்தையிடம் நேரில் கேட்கலாமா, அல்லது விட்டுவிட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
வேலூர்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள டீச்சரம்மா,

நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு அதிக இடம் தேவைப்படாது. நன்றியுரையில் உங்கள் பெயரை விட்டது தவறு. மேடையில் அறிவிப்பதற்கு முன் உங்களிடம் சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு. பங்குத்தந்தையிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சு. இளைஞர்களிடம் பூ வேலை போனதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. பிளாஸ்டிக் இலையைப் பார்த்து உங்களுக்கு வருகிற எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நீங்களும் ஒரு காலத்தில் யாரோ ஒரு பெரியம்மாவிடமிருந்துதான் அந்தப் பூக்கூடையை வாங்கியிருப்பீர்கள்.

இனி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். 31 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவர் நீங்கள். ஒரு மாணவன் விடையில் எந்த வரியை அவசரமாகத் தாண்டிப் போகிறானோ, அங்கேதான் ஆசிரியரின் சிவப்பு மை நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் நீண்ட கடிதத்தில் "அது கிடக்கட்டும்" என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, இரவில் கணவர் கட்டிலைத் தட்டும்போது தூங்குகிறவரைப் போலப் படுத்திருப்பதைச் சொன்ன இடம். மற்றொன்று, சூசையப்பரிடம் கேட்கும் நன்மரணத்தில் உங்கள் பெயருக்குப் பதில் அவர் பெயர் வருவதைச் சொன்ன இடம். இவற்றுக்கு நடுவே, வேறொரு புகாருக்குள் ஒளிந்துகொண்டு, சாம்பல் புதன் முதல் நீங்கள் நன்மை வாங்கவில்லை என்கிற செய்தி கிடக்கிறது. கேட்டவளின் பண்புக்குறைவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதற்கு ஒரு வரி இல்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: உங்கள் கணவர் இறந்துபோக வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு விருப்பம் எழுந்திருக்கிறது, அதைச் சாவான பாவம் என்று நீங்களே தீர்ப்பெழுதிக்கொண்டு, பந்தியிலிருந்து உங்களை நீங்களே எழுப்பி வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். நான் தவறாகப் படித்திருந்தால் திருத்துங்கள். ஆனால் தவறாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நான் உங்கள் பங்குத்தந்தை அல்லள். பாவமா இல்லையா என்று சொல்லும் இருக்கை என்னுடையதன்று. இருந்தாலும் ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்து பிரம்படி வாங்கியவள் நானும். சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நீங்களும் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். இரவு மூன்று முறை எழுந்தவளின் வாயில், விடிந்ததும் தானாக வந்து விழுகிற ஒரு பெயரில் முழுச் சம்மதம் எவ்வளவு இருக்கிறது என்பதை பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவுத் தொட்டியில் போய்க் கேளுங்கள். அங்கே இருக்கும் சாமியார் பூசையில் பார்க்கிற முகம் என்று கூச்சமாக இருந்தால், வேறு பங்குக்குப் போய்க் கேளுங்கள். நாலு வரிசைக்குக் கேட்கக் கேட்டவளின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழியும் இல்லை.

உளவியல் தெரிந்தவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது வேறு. நெடுநாள் படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கிறவர்களுக்கு இந்த விருப்பம் வருவது மிகச் சாதாரணம். அன்பு குறைந்தவர்களுக்கு மட்டும் வருவதன்று, மிகுந்தவர்களுக்கும் வரும். ஆனால் உங்களிடம் நான் பொய் சொல்லப் போவதில்லை. அவர் படுகிற பாடு தீரட்டும் என்பதற்காக மட்டுந்தான் வேண்டினேன் என்று நீங்கள் உங்களைத் தேற்றிக்கொள்ள முயன்றால் அது பலிக்காது, ஏனென்றால் அதில் உங்கள் தூக்கமும் உங்கள் முழங்காலும் கலந்திருக்கின்றன. கலந்திருக்கட்டும். ஒரு மனிதர் வலி தீர்வதையும் தாம் இளைப்பாறுவதையும் ஒரே மூச்சில் விரும்பினால், முதல் விருப்பம் பொய்யாகிவிடாது.

ஜெபமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜெபமாலையில் 53 முறை "அருள்நிறைந்த மரியே" சொல்கிறோம். 53 முறையும் "எங்கள் மரண நேரத்திலும்" வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிறோம். சிறுமியாக இருந்தபோதே அதைத்தான் கேட்டீர்கள்; மணவறைக்கு முந்திய நாளும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். சாவின் பெயரை எடுக்கவே கூடாது என்று உங்கள் திருச்சபை உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அது உங்கள் வாயில் அன்றாடச் சொல்லாகத்தான் இருந்திருக்கிறது. "எங்கள்" என்ற பன்மைக்குள் மறைந்திருந்த ஒரு பெயரைச் சூசையப்பர் முன்னால் தனியாக எடுத்துச் சொன்னீர்கள், அவ்வளவுதான் நடந்தது. பேச்சிழந்த உங்கள் கணவரும் மாலைதோறும் அதே வரியைத்தான் உங்களோடு சேர்ந்து சொல்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பன்மையில் அவரும் தம்மைச் சேர்த்துத்தான் சொல்கிறார்.

சூசையப்பர் நன்மரணத்துக்குப் பாதுகாவலர் ஆனது எப்படி? அவர் சாகும்போது இயேசுவும் மரியாவும் அருகில் இருந்தார்கள் என்கிற மரபினால். விரைவாகப் போனார் என்பதற்காகவோ வலியில்லாமல் போனார் என்பதற்காகவோ அல்ல. துணையோடு போனார், அதனால் அது நல்ல மரணம். உங்கள் மன்றாட்டு கேட்பது இதைத்தான். நீங்களும் இதைத்தான் கேட்டீர்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த மன்றாட்டில் பாதியை இரவு இரண்டு மணிக்குக் கட்டில் சட்டம் தட்டப்படும்போது உங்கள் வீட்டில் யாராவது எழுந்து போய் நிறைவேற்றலாம். யாராவது என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் என்று எழுதவில்லை.

இங்கேதான் நான் உங்கள் மருமகள் பக்கம் சாய்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். மாமனாருக்கு நோயில்பூசுதல் கேட்ட பெண்ணைப் பார்த்து, அறையைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். அவள் மனத்தில் இருந்ததாக நீங்கள் சொன்னது அவளுடையதன்று, டீச்சரம்மா. உங்களிடம் இருந்து உங்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்த ஒன்றை அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டு, அவளைத் திட்டினீர்கள். நாங்கள் தினமும் பார்க்கிற காரியம் இது. மனித மனத்தின் மிகப் பழைய தந்திரங்களில் ஒன்று. காலக்கணக்கைப் பாருங்கள்: சாம்பல் புதன் முதல் நன்மை வாங்குவதை நிறுத்தினீர்கள், அதே தவக்காலத்தில் அவளைத் திட்டினீர்கள். "அவஸ்தை பூசுதல்" என்பது நம் பாட்டிமார் காலத்துச் சொல். இழுத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் சாமியாரை அழைத்த காலம் அது. ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) பிறகு அந்த அருட்சாதனத்தின் பெயரே மாறியது. நோயுற்றவர்களுக்கு ஆறுதலும் திடமும் தருவதற்காக, சாகும் தறுவாய் வரை காத்திராமல் கொடுப்பது அது. உங்கள் மருமகள் புதிய சொல்லைத்தான் பயன்படுத்தினாள். நீங்கள்தான் அதைப் பழைய சொல்லாக மாற்றிக் கேட்டுக்கொண்டீர்கள்.

அவளுடைய பாட்டுக்குக் கணவர் கூடப் பாடுகிறார், உங்களிடம் பேசுவதில்லை என்பது உங்களை ஆழமாக அறுத்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு, அது உங்கள்மீதுள்ள கோபமன்று. வலப்பக்கம் விழுந்து பேச்சும் போகிறபோது, பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது மூளையின் இடப்பக்கம். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பேசும் வேலை அங்கேதான் அதிகம் நடக்கிறது. ஆனால் சிறு வயது முதல் ஆயிரக்கணக்கான தடவை சொல்லி ஊறிப்போனவை, அதாவது பாட்டு, ஜெபம், எண்ணிக்கை, சில வசைச் சொற்கள்கூட, இத்தகையவர்கள் பலருக்குத் தப்பிப் பிழைத்திருக்கும். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாதவர் ஒரு பாட்டின் சரணம் முழுவதையும் பாடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் கணவர் மருமகளுக்குப் பாட்டையும் உங்களுக்கு வெறும் குழறலையும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. இருவருக்கும் தம்மிடம் மிஞ்சியிருப்பதிலிருந்துதான் கொடுக்கிறார். மரண நேரம் என்கிற வரியைப் பழைய வாய்பாட்டிலேயே சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவருடைய தாயார் மடியில் உட்கார்ந்து கற்ற வாய்பாடாக இருக்கும். அதை உங்களோடு சேர்ந்துதான் சொல்கிறார்.

மருத்துவர் சொன்ன அன்று நம்பிக்கை போய்விட்டது என்று எழுதினீர்கள். எந்த நம்பிக்கை? நாம் படித்த ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்றிருந்தது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வருகின்றன. பழைய பாடத்தில் இரண்டாவது இடத்திலிருந்த சொல் புதிய பாடத்தில் முதல் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. இந்தச் சொல் மாற்றத்தில் உங்களைப் போன்ற பலர் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஒன்று கைவிட்டுப் போனால் மற்றொன்றும் போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். உங்கள் கணவருக்குப் பேச்சு திரும்பும் என்கிற எதிர்பார்ப்புத்தான் உங்களைவிட்டுப் போயிருக்கிறது. விசுவாசம் போயிருந்தால் புதன்கிழமை மன்றாட்டை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள். நன்மை வாங்கத் தகுதியில்லை என்று அஞ்சி ஒதுங்கவும் மாட்டீர்கள். இல்லாத கடவுளுக்கு யாரும் இவ்வளவு பயப்படுவதில்லை. 2025 யூபிலி ஆண்டு முழுவதும் கோவில்களில் "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று எழுதிக் கட்டியிருந்தார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுந்து நடப்பார், பேசுவார் என்பது மட்டுந்தான் எதிர்நோக்கத் தகுந்தது என்று அந்தத் துணியில் எழுதவில்லை. மழித்த முகத்தோடு ஒரு மாலை, தடையில்லாத நான்கு மணி நேரத் தூக்கம், சாகும்போது அவரருகே எரிச்சலில்லாமல் உட்கார்ந்திருக்க உங்களுக்குத் தெம்பு. இவையும் எதிர்நோக்கத் தகுந்தவைதான்.

நன்றியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு நன்றி தேவையில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. தேவைதான். புதன்கிழமைதோறும் "இன்னிக்கு எத்தன பேருக்கு?" என்று திண்ணையிலிருந்து கேட்ட குரல் மூன்று ஆண்டுகளாகக் கேட்கவில்லை. உங்களுக்கு நன்றியுரை அதுவாகத்தான் இருந்தது. அது நின்றுபோன இடத்தை நிரப்ப ஒரு பங்கின் மேடையாலோ, ரயிலேறிப் போன ஒரு குடும்பத்தாலோ முடியாது. (அந்தக் குடும்பத்தை மன்னித்துவிடுங்கள். மகன் பிழைத்த மகிழ்ச்சியில் ஊருக்கு ஓடுகிறவர்களுக்குக் கஞ்சி கொடுத்த அம்மாவின் வீடு நினைவுக்கு வராமல் போவதுண்டு.) அந்தச் சந்துகளில் உங்களுக்குச் சலிப்பு வராததற்கு ஒரு காரணம், அங்கே இருப்பவர்கள் என்றாவது ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள். முன்னறையில் இருப்பவர் திரும்பிப் போகிறவர் அல்லர். அங்கே இரக்கம் வற்றுவது இயல்பு. ஒருவராகவே இறைத்தால் எந்தக் கிணறும் வற்றும்.

வேலூரில் இருக்கிறவருக்கு, சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையை நான் சொல்லத் தேவையில்லை. அவர் உங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதற்காக முகம் சுளிக்காதீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற வாருங்கள் என்று அந்த இளம் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவரான தந்தை வந்து பார்க்கவோ அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தக் கதையை நம் ஊரில் தியாகக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறோம். அதன் பிறகு அவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். படித்துவிட்டு வந்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1909இல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இரவில் வருகிற தட்டல்களுக்கெல்லாம் ஒருத்தியாகவே எழுந்து போக முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். உங்கள் முன்னறையிலும் ஒரு படுக்கைதான் இருக்கிறது. அதற்கு ஒரு செவிலிப் பையன் வந்தான். மூன்றாம் நாளே அவனை அனுப்பிவிட்டீர்கள்.

"வழியே போகிறவன்" என்று அவனை எழுதினீர்கள். ஒன்பது ஆண்டுகளாக நீங்கள் கஞ்சி ஊற்றிய வங்காளத்துத் தாய்மாருக்கு நீங்களும் வழியே போகிறவர்தான். அவர்கள் பாத்திரத்தை நீட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி கையிலிருந்து சோறு வாங்குவதில் இருக்கிற கூச்சத்தை விழுங்கிக்கொண்டு நீட்டினார்கள். கொடுக்கிற இடத்திலேயே நின்று பழகியவருக்கு வாங்குகிற இடம் எவ்வளவு கடினமானது என்பது அந்த மூன்றாம் நாள் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சுப் புனிதை குழந்தை தெரேசம்மாளின் தகப்பனார் லூயி மார்ட்டின் மனநோய்க்கு ஆளானபோது, 1889 முதல் மூன்று ஆண்டுகள் கான் நகரில் மனநோயாளிகளுக்கான இல்லத்தில் முன்பின் தெரியாதவர்களின் பராமரிப்பில் இருந்தார். பெற்ற பெண்களை ஊர் எப்படியெல்லாம் பேசியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, கால் விளங்காமல், மகளும் உறவினரும் பார்த்துக்கொள்ள 1894இல் காலமானார். 2015இல் திருச்சபை அவரையும் அவர் மனைவியையும் புனிதர்களாக அறிவித்தது.

அடுத்த புதன்கிழமை கஞ்சிப் பாத்திரத்தை மற்ற இரண்டு பேரிடம் கொடுத்தனுப்புங்கள். மாலையில் மருமகள் முகம் மழிக்க உட்காரும்போது, கட்டிலின் மறுபுறம் நீங்களும் உட்காருங்கள். ஜெபமாலையைப் பாட்டு முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். தவக்காலத்தில் அவளிடம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வேண்டியது உங்கள் கடன். நீளமாகப் பேச வேண்டாம். அந்தப் பையனின் கைப்பேசி எண் இன்னும் இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள், போதும். அவன் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் அது இல்லை.